ஒளிக்கேடும் ஒளித்தடையும்

பயிர் உணவாக்குதற்கு வேண்டும் ஆற்றலைத் தருவது கதிரவன் ஒளியே. அவ்வொளியே பயிரின் நொதிகளைச் சிதைக்கவும் வல்லது. நொதி ஒளியாற் கெடுதல் ஒன்று. அக்கேட்டின் விளைவாகப் பயிரின் செயல் குன்றித் தோன்றுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு சொல்லாற் குறிப்பின் பொருள் மயங்கும். முன்னதை ஒளிக்கேடு எனவும், பின்னதை ஒளித்தடை எனவும் வேறு பிரித்து வழங்குதல் தகும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

நொதிகள் உயிரணுக்களில் வேதி வினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். தம் வடிவு கெடாதிருக்கும் வரையே அவை செயற்படுவன. இலையின் பச்சையம் ஒளியை ஈர்த்துக் கிளர்ச்சியுறுகின்றது. அவ்வாற்றல் ஒளிச்சேர்க்கையிற் செலவாகாது எஞ்சுமாயின், பச்சையத்தின் ஒரு பகுதி 'மும்மை நிலை' எனப்படும் சற்றே நீடித்த நிலையை எய்தும். அது தன் ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிசனுக்கு அளிக்க, அவ்வாக்சிசன் வினைத்திறன் மிக்க 'ஒற்றை நிலை ஆக்சிசன்' ஆகின்றது. இஃது ஒரு வழி. ஒளிச்சேர்க்கையில் இயங்கும் எலக்ட்ரான்கள் ஆக்சிசனைச் சென்றடைய, சூப்பர் ஆக்சைடும் அதனின்று ஹைடிரஜன் பெராக்சைடும் தோன்றுதல் மற்றொரு வழி. புரதத்திலுள்ள ஹிஸ்டிடின், டிரிப்டோபேன், மெத்தியோனின், சிஸ்டீன் முதலிய அமினோ அமிலங்கள் இத்தகைய பொருள்களால் ஆக்சிசனேற்றம் அடையுங்கால், நொதியின் வடிவும் செயலும் கெடுகின்றன.

இக்கேடு மிகுதியாகக் காணப்படும் இடம் நீரைப் பிளக்கும் இரண்டாம் ஒளித்தொகுதி ஆகும். அதன் நடுவணமைந்த டி1 என்னும் புரதம் கடும் ஒளியில் விரைந்து சிதைகின்றது. சிதைந்த புரதத்தை நீக்கிப் புதியதை ஆக்கி அமைக்கும் பணி பசுங்கணிகத்தில் ஓயாது நிகழ்கின்றது. லின்கோமைசின் என்னும் மருந்தால் அப்புத்தாக்கத்தைத் தடுத்துப் பூசணி இலைகளில் நிகழ்த்திய ஆய்வொன்று 1996இல் வெளிவந்தது. கேடு நிகழும் விரைவு ஒளியின் செறிவுக்கு நேர் விகிதத்தில் அமைகின்றது என அது காட்டிற்று. எனவே கேடு கடும் வெயிலுக்கே உரியதன்று, மெல்லொளியிலும் உண்டு. ஆயினும் அது நமக்குப் புலப்படுவதில்லை. ஏன்? கெடும் அளவுக்குப் புதுப்பித்தலும் உடன் நிகழ்தலான் என்க.

கேட்டலேஸ் என்னும் நொதியும் இதற்குச் சான்றாகும். இலையில் தோன்றும் ஹைடிரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிசனாகவும் பகுத்துப் பயிரைக் காப்பது அந்நொதி. அதனை இழந்த பார்லிப் பயிர்வகையொன்று, இயல்பான காற்றில் ஒளிபட்டு நலிந்ததையும், கரியமிலவாயு மிகுந்த சூழலில் நன்கு வளர்ந்ததையும் 1983இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. காவலாய் நிற்கும் இந்நொதியும் ஒளிக்கேட்டிற்குத் தப்பியதன்று. அதன் ஹீம் என்னும் பகுதி நீல ஒளியை நேரே ஈர்த்தலான் நொதி செயலிழக்கின்றது. ரைப் பயிரின் இலைகளில், இழந்த அளவு புதிதாக ஆக்கப்படுதலின் இயல்பான நிலையில் குறைவு தோன்றுவதில்லை. குளிர் மிக்கு அவ்வாக்கம் தளருமாயின், ஒளியிற் கேட்டலேஸ் குறைந்து காணப்படும்.

இச்சான்றுகளால் ஒன்று தெளிவாகின்றது. ஒளிக்கேடு ஒளி உள்ளவரை நிகழ்வது. ஒளித்தடையோ கேட்டின் விரைவு சீராக்கத்தின் விரைவை விஞ்சும்போது மட்டும் தோன்றுவது. கேட்டையும் மீட்சியையும் ஒருங்கு வைத்து நோக்கும் இக்கருத்தின் வித்தினை 1956இல் பெசல் காக் வெளியிட்ட ஆய்விலேயே காணலாம். இவ்வேறுபாட்டை மறந்து, குளிரில் வாடும் பயிரை நோக்கி 'ஒளி மிகுந்தது' என்று மட்டும் உரைப்பின், உண்மைக் காரணமாகிய சீராக்கத்தின் தளர்ச்சி மறைந்துபோம். கலைச்சொல் ஆக்குவோர் சொல்லின் ஓசை நயத்தை மட்டும் நோக்காது, அது சுட்டும் நிகழ்ச்சியின் எல்லையையும் அறிந்து ஆக்குதல் இன்றியமையாதது.