திருப்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு: நான்கு நாள் சைக்கிள் பயணம்

பல நாள் சைக்கிள் பயணத்துக்கு வழியைத் தேடும் முன்பே தேதியைப் பிடிக்க வேண்டும். திருப்பூரில் அதுதான் கடினம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கும் டெய்லருக்கும் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் போய்விடும். வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்யும் ஆறேழு பேருக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது பெரும்பாலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். தீபாவளி வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. மிஞ்சுவது தை.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து பாயும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று கிழக்கே மிதித்தால் காற்றே முதுகைத் தள்ளும். அதே சாலையில் திரும்புவது தண்டனை. தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தென்கிழக்கே போகிறவர்களுக்குக் கடலை நெருங்க நெருங்க அது இடப்பக்கமாக மோதி வேகத்தைக் குறைக்கும். ஆகவே தனுஷ்கோடிப் பயணத்தில் கடைசி இரண்டு நாட்களுக்கும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும்.

தூரம் மொத்தம் ஏறத்தாழ 370 கி.மீ. முதல் நாள் கொடுவாய், குண்டடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் வரை சுமார் 115. இரண்டாம் நாள் மதுரை வரை 65 போதும். முந்தைய நாளின் வலி முழுதாகத் தெரிவது மறுநாள் காலை இருக்கையில் உட்காரும்போதுதான். அன்றைய தூரத்தைக் குறைத்து வைத்தால் பாதியில் பஸ் ஏறுகிறவர்கள் குறைவார்கள். மூன்றாம் நாள் பரமக்குடி வழியாக ராமநாதபுரம், மறுபடி 115. நான்காம் நாள் பாம்பன், ராமேஸ்வரம் கடந்து தனுஷ்கோடி, சுமார் 75.

பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என மதுரையைச் சுற்றி ஜல்லிக்கட்டு நடக்கும். லாட்ஜ்களில் இடம் கிடைப்பது அரிது. அறையை முன்பே பிடிப்பதோடு, சைக்கிள்களை உள்ளே வைக்க இடம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம் சாலைகளில் அந்த நாட்களில் தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். வெயிலுக்குத் தப்ப இரவிலும் விடியற்காலையிலும் சாலை ஓரமாகவே நடப்பார்கள். சைக்கிளின் இடமும் அந்த ஓரம்தான் என்பதால், வெளுத்த பிறகு கிளம்புவதே நல்லது. குழுவை நடத்தும் வித்தையையும் அவர்களிடமே பார்க்கலாம்: வழி தெரிந்த குருசாமி, அரிசியும் மூட்டையும் ஏற்றி வரும் வேன், காலில் கொப்புளம் கண்டவருக்காக நிற்கும் இருவர். சைக்கிள் குழுவுக்கும் முன்னால் ஒருவர், எல்லாருக்கும் கடைசியில் ஒருவர் என்று பெயர் சொல்லி நியமித்துவிட வேண்டும். கடைசியில் வருபவர் நல்ல மிதிகாரராகவும் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராகவும் இருப்பது அவசியம்.

பயணங்கள் குலைவது பெரும்பாலும் வேகத்தில்தான். மணிக்கு 20 கி.மீ. என்றால் 100 கி.மீ.க்கு ஐந்து மணி நேரம் என்பது தனி ஆளின் கணக்கு. எட்டுப் பேர் சேர்ந்தால் டீ, தண்ணீர், பஞ்சர், போட்டோ எல்லாம் சேர்ந்து ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். குழுவில் மெதுவாக மிதிப்பவரின் வேகம் எதுவோ அதுவே திட்டத்தின் வேகம்; அவரைவிட வேகமானவர்கள் அடுத்த டீக்கடையில் காத்திருக்கலாம். உடம்பு தாங்குமா என்று பார்க்க விரும்புவோர் பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்ளலாம். அவற்றில் 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வண்டித் துணையும் ஏற்பாடுகளும் நிறைந்த பயணம் வேண்டுமென்றால் 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் இருக்கிறது. மலை ஏறத் தெம்பு வேண்டும்.

எதிர்க்காற்றில் குழுவாகப் போவதன் பலன் நன்றாகத் தெரியும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுக்க, பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறைகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் விலகிப் பின்னே வர வேண்டும். பள்ளம் கண்டால் குரல் கொடுப்பதும், சொல்லாமல் பிரேக் பிடிக்காமல் இருப்பதும் கட்டாயம்; ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள்.

உடை விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே உடம்பில் ஒட்டும். பாலியஸ்டர் துணி சீக்கிரம் உலரும். கால்சட்டையின் உள்தொடைத் தையலைத் திருப்பிப் பார்ப்பது அதைவிட முக்கியம். ஓவர்லாக் தையலின் மடிப்பு ஆயிரக்கணக்கான மிதியில் தொடையை அறுத்துவிடும். தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையலே வேண்டும்.

பரமக்குடிக்கு அப்பால் சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும். ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒட்டு, கைப்பம்பு தேவை. விலை கூடிய கியர் சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ஊர்ப்புறப் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் கவலையில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புக்கு மோரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் உண்டு.

1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கி.மீ.க்கு மேல் நீளும். பக்கக்காற்று கைப்பிடியை இழுக்கும். வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகளின் கதவு திடீரெனத் திறக்கும். ஒற்றை வரிசையில் இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும், காற்று மீறினால் இறங்கித் தள்ள வேண்டும்.

திரும்புவதற்கு ரயில்தான் வசதி. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லா ரயிலிலும் அதற்கான பெட்டி இருக்காது, ஆள் ஏறும் ரயிலிலேயே சைக்கிளும் ஏறும் என்ற உறுதியும் இல்லை. பெயரும் சேரும் ஊரும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் இறுகக் கட்டி, விளக்கையும் பம்பையும் கழற்றிக் கையோடு எடுத்துவர வேண்டும். கம்பெனி திறக்கும் நாளுக்கு முந்தைய நாளையாவது காலியாக விட்டு டிக்கெட் போடுவது புத்திசாலித்தனம்.