பழைய மாருதி 800-ஐ வீட்டிலேயே புதுப்பிக்கலாமா? ஸ்பேனரை எடுக்கும் முன் கணக்கைப் போடுங்க!

மாமாவோ பெரியப்பாவோ "இந்த 800-ஐ நீயே வச்சுக்கப்பா" என்று சாவியைக் கொடுத்திருக்கலாம். இல்லை, 50 ஆயிரத்துக்கு ஒரு வண்டி வந்திருக்கு, வாங்கலாமா என்று யோசிச்சுட்டு இருக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையா உட்கார்ந்து நானே ரெடி பண்ணிடுவேன்" என்கிற ஆசை நல்ல ஆசைதான். ஆனா இது பொழுதுபோக்கா, சேமிப்பா, இல்லை பணம் கரையுற ஓட்டையா? பார்த்துடலாம்.

ஏன் 800?

1983-ல் வந்த வண்டி. 796 சிசி, 3 சிலிண்டர். உதிரிபாகம் இன்னும் கிடைக்குது, இதைத் தெரிஞ்ச மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கார். எலக்ட்ரானிக்ஸ் குறைவு என்பதால் கத்துக்கவும் வசதி. உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ்-4 விதி வந்ததால் 2010 ஏப்ரலிலேயே விற்பனை நின்றுவிட்டது. அதனால, சென்னையில் புதுசாப் பதிவான 800 எல்லாமே 15 வருஷக் கோட்டைத் தொட்டாச்சு. அங்கேதான் முதல் செலவு.

முதல்ல பேப்பர், அப்புறம்தான் பெயின்ட்

சொந்த காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதுக்கு மேல 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மத்திய அரசு விதிப்படி புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் இதை 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. 1,000 சிசிக்குக் கீழே இருக்கும் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-ல் நிர்ணயித்தபடி வருஷத்துக்கு 2,094 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

ஆர்.சி. காலாவதியான வண்டி சும்மா கிடைச்சாலும், ஆர்டிஓ ஆபீஸில் விசாரிக்காம கை வைக்காதீங்க. பழைய அபராதம், வங்கிக் கடன் பாக்கி எதுவும் வண்டி மேல இருக்கான்னும் பாருங்க.

எந்த வரிசையில் செலவு பண்ணணும்?

நிறையப் பேர் தலைகீழா ஆரம்பிப்பாங்க. முதல்ல மியூசிக் சிஸ்டம், சீட் கவர், அலாய் வீல். பிரேக் வேலை வரும்போது கையில காசு இருக்காது. சரியான வரிசை இதுதான்:

1. நிறுத்துறது: பிரேக், டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன்.
2. துரு: தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்க. தகரம் ஓட்டையாகி இருந்தா, மேலே அடிக்கிற பெயின்ட் வீண்.
3. இன்ஜின்: டைமிங் பெல்ட், கூலன்ட் குழாய்கள், ஆயில்.
4. மின்சாரம்: பேட்டரி, ஒயரிங், விளக்குகள்.
5. அழகு: மிச்சம் இருந்தா மட்டும்.

டயரில் பட்டன் இருக்குன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 1218 என்றால் 2018-ன் 12-வது வாரம் தயாரானது. ஓடாம நின்னாலும் ரப்பர் கெட்டுப் போகும்.

மாதிரிக் கணக்கு

இது உதாரணம்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க. டயர் 12,000, பிரேக் 8,000, சஸ்பென்ஷன் 8,000, பெல்ட்டும் குழாய்களும் 6,000, பேட்டரி 4,000, துரு வேலை 12,000. ஆக மொத்தம் 50,000. பழைய வண்டியில் ஒரு போல்ட்டைக் கழட்டினா இன்னொண்ணு உடையும், அதனால 20 சதவீதம் கூடுதலா ஒதுக்குங்க. 60,000 ஆச்சு. வண்டி விலை 50,000 சேர்த்தா 1,10,000.

இதை விக்கப் போனா? வாங்க வர்றவர் உங்க பில்லைப் பார்க்க மாட்டார், வருஷ மாடலைத்தான் பார்ப்பார். 60,000 கிடைச்சதுன்னு வைப்போம். 50,000 நஷ்டம். ஆறு மாசத்துல வித்தா மாசம் 8,333 ரூபாய் போச்சு. நாலு வருஷம் ஓட்டினா மாசம் 1,042 ரூபாய்தான். பராமரிப்புக்கு 2,000 சேர்த்தாலும் 3,000 சொச்சம்.

புது காருக்கு 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 12,455. வட்டி மட்டும் ஏறக்குறைய 1.47 லட்சம். புது காருக்கு நல்ல மறுவிற்பனை மதிப்பு இருக்கு, அதை மறுக்கலை. ஆனா 35,000 சம்பளத்தில் மூணில் ஒரு பங்கு மாசாமாசம் வெளியே போகும்.

சுருக்கமா: ஓட்டுறதுக்குச் சரி செஞ்சா கட்டுப்படியாகும், விக்கிறதுக்குச் சரி செஞ்சா கையைக் கடிக்கும்.

நீங்க செய்யலாம், நீங்க செய்யக்கூடாது

ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனை சுத்தம், ஆயில் மாற்றம், கதவு ரப்பர், உள்பக்க வேலைகள் எல்லாம் வீட்டிலேயே பண்ணலாம். ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறின பிறகுதான் கழட்டணும். மாட்டும்போது முதல்ல கையாலேயே திருகுங்க. ஹெட் அலுமினியம் என்பதால் மறை போனா செலவு எகிறும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வேணும்.

பிரேக், டைமிங் பெல்ட், பெட்ரோல் குழாய், வெல்டிங் நாலும் மெக்கானிக் வேலை. கூலியை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

"இம்ப்ரூவ்மென்ட்" என்கிற பேரில் வண்டியின் அமைப்பை மாத்தினா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே வரும். நிறம் மாத்தினாலும் ஆர்.சி.யில் பதியணும்.

காசு கொடுத்தும் வாங்க முடியாதது

இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. எத்தனை லட்சம் கொட்டினாலும் இன்றைய கார்களின் பாதுகாப்பு இதுக்கு வராது. அதனால ஆபீஸ், கடை, ரயில்வே ஸ்டேஷன் என்று ஊருக்குள் ஓட்டுங்க. குழந்தைகளோடு ராத்திரி நெடுஞ்சாலைப் பயணத்துக்கு வேற வழி பாருங்க. வாரத்துக்கு மூணு நாள் நெடுஞ்சாலையில்தான் போகணும் என்றால், இந்த வண்டி எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும் உங்களுக்கு இல்லை.

இந்த மாசம் செய்ய வேண்டியது

பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு இஎம்ஐ ரெண்டும் வேண்டாம். அவசர நிதியிலும் கை வைக்காதீங்க. தனியா ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சு மாசம் 5,000 போடுங்க, ஒரு வருஷத்தில் 60,000 சேர்ந்துடும். பணம் சேரச் சேர மேலே சொன்ன வரிசையில் வேலையை முடிங்க. முதல் வரிசை வேலை முடியும்வரை வண்டி ரோட்டுக்கு வர வேண்டாம். ஒவ்வொரு பில்லையும் ஒரு நோட்டில் எழுதுங்க. அந்தத் தொகை நீங்க போட்ட எல்லையைத் தொட்டா, எவ்வளவு ஆசை இருந்தாலும் நிறுத்திடுங்க.

உங்க வீட்டு வண்டி என்ன மாடல், ஆர்.சி. எப்போ முடியுதுன்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!