வேகச் சோதனையும் மெதுச் சோதனையும்

மென்பொருளில் ஒரு வரியைத் திருத்தினால் வேறெங்கோ ஒன்று பழுதாகலாம். அதைக் கண்டுபிடிக்கவே தானியங்கிச் சோதனைகளை எழுதுகிறோம். ஆனால், அவை முடிய அரைமணி நேரமானால் யார் காத்திருப்பார்? ஓட்டாமலேயே வேலையை ஒப்படைக்கத்தான் மனம் தூண்டும். ஆகவே, எங்கள் இறுதியாண்டுத் திட்டக் குழுவில் சோதனைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறோம்.

கட்டணத்தைக் கணக்கிடுவது போன்ற சிறு பகுதியை மட்டும் சோதிப்பது சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். தரவுத்தளம், வலையமைப்பு, உலாவி ஆகியவற்றைத் தொடும் சோதனைக்கு நேரம் பிடிக்கும். பைத்தான் மொழிக்கான பைடெஸ்ட் கருவியில் மெதுவானவற்றுக்கு ஓர் அடையாளமிட்டு, அவற்றை விலக்கி ஓட்டலாம். எது மெதுவானது என்று ஊகிக்கவும் வேண்டாம். அதிக நேரம் எடுத்தவற்றை அக்கருவியே பட்டியலிட்டுத் தரும்.

வேகமானவற்றை ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் ஓட்டுகிறோம். அனைத்தையும் இரவில் சேவையகம் ஓட்டுகிறது. மெதுவானவற்றைக் கைவிடலாகாது. தனித்தனியே சரியாக இயங்கும் பகுதிகள் ஒன்றுசேரும்போது முரண்படுவதுண்டு. மைக் கோன் 2009-இல் தம் நூலில் விளக்கிய சோதனைப் பிரமிடும் இதையே உணர்த்துகிறது: அடியில் வேகமானவை நிறைய, உச்சியில் மெதுவானவை கொஞ்சம்.

இரவுச் சோதனை தோற்றால், காலையில் முதல் வேலை அதைச் சரிசெய்வதே. தோல்வியைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டால், நண்பர்களே, சோதனை இருந்தும் இல்லாததே!