ஒரே ஈத்து, ஒரே கூண்டு

எங்கள் ஊர் தேவாரத்தில் முயல் ஈத்து குறைந்தால் முதலில் வெயிலைத்தான் திட்டுவோம். பாதி நியாயம். கடும் சூட்டில் ஆண் முயலின் விந்து வீரியம் இறங்கும். குளிர்ந்தால் மெல்லத் திரும்பும். ஐப்பசி மழையிலும் குட்டி தேறவில்லை என்று யாராவது வந்தால், "ஆண் முயல் எங்கண்ணே வாங்குனீங்க?" என்பேன். "வாங்கல, நம்ம ஈத்துலயே விட்டது" என்பார். மீதிக் காரணம் அதுதான்: நெருங்கிய சொந்தத்தில் சேர்ப்பது.

அத்தை மகளைக் கட்டினால், பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியிலிருந்து வர வாய்ப்பு 16இல் 1. அக்காள் மகள் என்றால் 8இல் 1. கூடப்பிறந்த முயல்களைச் சேர்த்தால் 4இல் 1! தாயும் மகனும் சேர்ந்தாலும் அதே கணக்குதான்.

தாய், தகப்பன் இரண்டும் கொழுகொழுவென்று இருக்கும். ஒளிந்திருக்கும் குறை குட்டியில்தான் வெளிப்படும். பல்லையே பாருங்கள்: முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். கீழ்த்தாடை முன்தள்ளினால் மேல்பல்லோடு உரசித் தேயாமல் சுருண்டுவிடும். அகத்திக்கீரை முன்னால் கிடந்தும் பட்டினி. அடிபட்டும் பல் கோணும்தான். ஆனால் ஒரே ஈத்தில் இரண்டு மூன்று குட்டிகளுக்கு அப்படி இருந்தால், அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள்.

நல்ல குணத்தை நிலைநிறுத்த நெருங்கிய உறவில் சேர்க்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் வம்சப் பதிவேடு இருக்கும், கழித்துக்கட்டும் துணிச்சலும் இருக்கும். பத்துக் கூண்டுக்காரருக்கு அது கட்டாது.

கொடைக்கானல் மேல்மலை மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தில் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் இனங்களை வளர்க்கிறார்கள். அங்கே வாங்கினாலும் ஆணையும் பெண்ணையும் வேறு வேறு தாய் தகப்பனுக்குப் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.