அச்சம் உள்ள இடத்தில் மக்கள் கருத்தை அறிவது எப்படி?

துனிசியாவில் 2009 அக்டோபரில் நடந்த அதிபர் தேர்தலில் ஆட்சியில் இருந்த பென் அலி 89.62 சதவீத வாக்குகள் பெற்று வென்றதாக அரசு அறிவித்தது. அதன் பிறகு பதினைந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 2011 ஜனவரி 14 அன்று, தெருவில் திரண்ட கூட்டத்துக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் அவர் சவூதி அரேபியாவுக்கு விமானம் ஏறினார். அரபு அரசியலை ஆயுள் முழுக்கப் படித்தவர்களும் இதை எதிர்பார்க்கவில்லை. ஆட்சிகள் ஏன் அசையாமல் நிற்கின்றன என்று விளக்குவதிலேயே மூழ்கியிருந்த துறை, மாற்றத்தின் அறிகுறிகளைத் தவறவிட்டது என்று அமெரிக்க அறிஞர் கிரெகரி காஸ் அதே ஆண்டு வெளிப்படையாக எழுதினார்.

தேர்தல் முடிவை நம்ப முடியாது என்பது பழைய செய்தி. மக்கள் வாயால் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் ஆய்வாளர்களின் பெரிய சிக்கல். மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல்லும் பழக்கம் எப்படி ஒரு சமூகம் முழுவதும் பரவுகிறது என்பதைப் பொருளியலாளர் டிமூர் குரான் 1995-இல் தனி நூலாகவே எழுதினார். சிரியாவை ஆராய்ந்த லிசா வெடீன் 1999-இல் இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னார்: அதிபர் ஹாஃபிஸ் அல் அசதைப் புகழ்ந்த மக்கள் அந்தப் புகழுரையை நம்பவில்லை, அவர்கள் நம்பவில்லை என்பது அரசுக்கும் தெரியும். நம்பாததையும் சொல்ல வைக்க முடிகிறது என்பதிலேயே அந்த அரசின் பலம் இருந்தது.

இந்தச் சூழலில் 2006-இல் தொடங்கிய அரபு பாரோமீட்டர் என்ற கருத்துக் கணிப்பு அமைப்பு, அரபு உலகில் நாடு நாடாக வீடுவீடாகச் சென்று ஆட்சி, போராட்டம், வெளியுறவு பற்றியெல்லாம் கேட்டு வருகிறது. அதன் முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: கதவைத் தட்டி, அரசைப் பிடிக்குமா என்று அறிமுகம் இல்லாத ஒருவர் கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? நியாயமான கேள்வி. எகிப்தில் கருத்துக் கணிப்பு நடத்தவே அரசின் புள்ளியியல் முகமையிடம் அனுமதி வாங்க வேண்டும். அதிகாரிகள் இதை ஒழுங்குமுறை என்கிறார்கள். எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று அரசே முடிவு செய்வதைத் தணிக்கை என்று சொல்வதே சரி.

பயப்படுபவர்களிடமிருந்தும் உண்மையை அறிய ஆய்வாளர்கள் கையாளும் வழிகளில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது பட்டியல் சோதனை. கணிப்பில் பங்கேற்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள் கொண்ட பட்டியல் தரப்படுகிறது: செய்தித்தாள் படிக்கிறேன், கால்பந்து பார்க்கிறேன் என்பது போல. இன்னொரு பாதிக்கு அதே நான்குடன் ஐந்தாவதாக ஒரு வில்லங்கமான வாக்கியம், ‘அரசுக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்தேன்’ என்று வைத்துக்கொள்ளலாம். எவையெவை பொருந்தும் என்று கேட்பதில்லை. எத்தனை பொருந்தும் என்று மட்டுமே கேட்கிறார்கள். ஒருவர் ‘மூன்று’ என்கிறார். அந்த மூன்றில் ஊர்வலம் உண்டா இல்லையா என்பது கேட்டவருக்கும் தெரியாது, நாளை தாளைப் பறிமுதல் செய்யும் போலீசுக்கும் தெரியாது.

கணக்கு பிறகு வருகிறது. நான்கு வாக்கியக் குழுவின் சராசரி 1.9, ஐந்து வாக்கியக் குழுவின் சராசரி 2.3 என்றால், இடையில் உள்ள 0.4 அந்த ஐந்தாவது வாக்கியத்தால் வந்தது. குலுக்கிப் பிரித்ததால் இரு குழுக்களும் மற்றபடி ஒன்றுபோலவே இருக்கும். ஆக, சுமார் 40 சதவீதம் பேர் ஊர்வலத்தில் நடந்தவர்கள். தனி மனிதர் யாரையும் காட்டிக்கொடுக்காமல் கூட்டத்தின் உண்மை வெளியே வந்துவிடுகிறது.

லெபனானில் இது என்ன காட்டியது என்பதைப் பார்த்தால் முறையின் அருமை புரியும். 2009 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின், வாக்குக்குப் பணமோ சலுகையோ வாங்கியதுண்டா என்பதை ஆய்வாளர் டேனியல் கோர்ஸ்டாஞ்ச் நேரடியாகவும் பட்டியல் வழியாகவும் விசாரித்தார். நேரடியாகக் கேட்டபோது ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒப்புக்கொண்டார். பட்டியல் வழியாகக் கேட்டபோது பாதிக்கும் மேல்! அந்த நாட்டில் ரகசிய வாக்கெடுப்பு சட்டப்படி உண்டு. ஆனால் 2018 தேர்தலுக்கு முன்பு அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டு கிடையாது. கட்சிகளே அச்சிட்டுக் கையில் கொடுத்தன. வேட்பாளர் பெயர்களின் வரிசையைக் குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், எண்ணும்போது எந்த வீட்டுச் சீட்டு வந்தது, எது வரவில்லை என்று கட்சி முகவர் கண்டுகொள்வார். காசு கொடுத்தவர் சரக்கைச் சரிபார்க்க வழி இருந்ததால்தான் அந்த வியாபாரம் நடந்தது.

பட்டியல் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு. ஐந்தும் பொருந்தும் ஒருவர் ‘ஐந்து’ என்று சொன்ன கணமே அவர் ரகசியம் அம்பலம். அதனால் எல்லோருக்கும் பொருந்தும் ஒன்றையும் அநேகமாக யாருக்கும் பொருந்தாத ஒன்றையும் பட்டியலில் சேர்த்து வைக்கிறார்கள். துல்லியமும் குறைவு: 1,000 பேரிடம் நேரடியாகக் கேட்டால் பிழை இருபுறமும் 3 புள்ளிதான்; பட்டியலில் அது 10 புள்ளியைத் தாண்டலாம்.

கேட்பவரின் தோற்றமும் பதிலை மாற்றுகிறது. தலையை மூடிய பெண் வந்து கேட்டால் முஸ்லிம் பெண்கள் தங்களைக் கூடுதல் பக்தி உடையவர்களாகச் சொல்கிறார்கள் என்று கெய்ரோவில் நடந்த ஆய்வு காட்டியது.

வெளியுறவில் கணிப்பின் பலம் வேறு வகை: ஒரு நிகழ்வுக்கு முன்னும் பின்னும் கருத்து எப்படி மாறியது என்பதை அது காட்டும். 2023 செப்டம்பர் 13 முதல் நவம்பர் 4 வரை துனிசியாவில் அரபு பாரோமீட்டர் 2,406 பேரைச் சந்தித்தது. ஏறக்குறைய பாதி பேட்டிகள் முடிந்தபோது இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய அக்டோபர் 7 தாக்குதலும் காஸா போரும் வந்தன. இஸ்ரேலுடன் உறவைச் சீராக்க முன்பு 12 சதவீத ஆதரவு இருந்தது. அது 1 சதவீதமானது. அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் 40-லிருந்து 10 சதவீதமாகச் சரிந்தனர். 2020-இல் இஸ்ரேலுடன் உறவைச் சீராக்கும் ஆபிரகாம் ஒப்பந்தங்களில் சில அரபு அரசுகள் கையெழுத்திட்டபோது மக்களும் மாறிவருவதாகச் சொல்லப்பட்டது. அந்த வாதத்தை இத்தகைய எண்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்.

ஆய்வாளருக்கு ஆபத்து உண்டா? கெய்ரோவில் தெருவோர வியாபாரிகளின் சங்கங்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜேனி 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார். சித்திரவதை செய்யப்பட்ட உடல் பிப்ரவரி 3 அன்று சாலையோரம் கிடைத்தது. விபத்து என்பதே முதலில் வந்த அதிகாரபூர்வ விளக்கம்.

தொலைபேசியில் கேட்கலாமா? கொரோனா காலத்தில் அப்படித்தான் நடந்தது.

ஒட்டுக்கேட்பு பயம் இராதா? இருக்கும்.

வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்களின் கருத்தும் இதில் சேருமா? சேராது, குடிமக்களை மட்டுமே கேட்கிறார்கள், குவைத்தில் வசிப்பவர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.