கூடிப் பாடுவோம், கேட்டுப் பாடுவோம்

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களில் பலர் இறைவனிடம் வேண்டுவது மன அமைதியையும் மகிழ்ச்சியையுமே ஆகும். அவற்றைப் பெறுவதற்கு எளிய வழி ஒன்றை நம் முன்னோர் திருக்கோயிலிலேயே அமைத்துத் தந்துள்ளனர். பலர் கூடி ஒரு குரலாகப் பாடும் கூட்டு வழிபாடே அது. மார்கழி வைகறையில் திருப்பாவை 30 பாடல்களையும் திருவெம்பாவை 20 பாடல்களையும் உடன் நின்று பாடியவர்கள், அந்நாள் முழுவதும் உள்ளம் தெளிந்திருப்பதை உணர்ந்திருப்பர்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு பாடலடியை இடையில் நிறுத்தாமல் பாட வேண்டுமாயின் மூச்சை ஆழமாக உள்ளிழுத்து மெல்ல வெளிவிட வேண்டும். அவ்வாறு மூச்சு சீர்படும்போது நெஞ்சத் துடிப்பும் அமைதியுறும். கூடிப் பாடுவோரின் இதயத் துடிப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைச் சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். ‘ஒருமித்த நெஞ்சம்’ என்று நாம் சொல்வது வெறும் சொல்லழகு அன்று.

ஆயினும், பாட்டுக் குழுவில் சேர்ந்தவர் அனைவரும் நிலைத்திருப்பதில்லை. “எனக்குக் குரல் இல்லை” என்று கூசி விலகுவோர் சிலர். தம் குரலே ஓங்க வேண்டும் என்று பாடிப் பிறர் குரலை மறைப்போர் சிலர். இவ்விருவருக்கும் பெரியபுராணத்தில் ஒரு நிகழ்ச்சி வழிகாட்டுகின்றது.

திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய பதிகங்களை உடனிருந்து யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், அவர் யாழில் இட்டு வாசிப்பதனாலேயே பதிகங்கள் புகழ் பெறுகின்றன என்றனர். அது கேட்டு நடுங்கிய யாழ்ப்பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளுமாறு வேண்டினார். சம்பந்தரும் பாடினார். யாழ் அதனைத் தொடர இயலவில்லை. யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி மீண்டும் அவரிடமே தந்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு பணித்தருளினார்.

பிறர் புகழைத் தமதாக்கிக்கொள்ள யாழ்ப்பாணர் விரும்பவில்லை. இயலவில்லை என்பதற்காக யாழைக் கைவிடச் சம்பந்தர் விடவில்லை. கூட்டு வழிபாட்டின் இலக்கணமும் நல்வாழ்வின் இலக்கணமும் இவ்விரண்டில் அடங்கும்.

இதனை நடைமுறையில் கொள்ளச் சில எளிய பழக்கங்கள் போதும்.

வைகறையில் எழுந்து, சிறிது நேரம் நிமிர்ந்து அமர்ந்து மூச்சைச் சீராக்குக. வயிறு நிறைய உண்டவுடன் பாடற்க. பாடுமுன் சிறிது வெந்நீர் பருகுதல் நன்று.

பாடலின் பொருளை முன்னரே அறிந்துகொள்க. பொருள் உணர்ந்தவர் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதைத் தாமே அறிவர், சொற்கள் சிதையா.

சுருதியைத் தீர்மானிக்கும்போது, பாடலின் மிக உயர்ந்த இடத்தை முதலில் பாடிப் பார்க்க. முதியோரும் சிறுவரும் அங்கே தொண்டை வருந்தாமல் எட்டுகின்றனரா என்று அறிந்து சுருதியை அமைக்க.

அருகில் இருப்பவர் குரல் செவியில் விழும் அளவுக்கே நம் குரல் இருக்கட்டும். அவர் குரல் கேட்கவில்லை எனில், நாம் உரக்கப் பாடுகிறோம் என்பது பொருள். இப்பழக்கம் இல்லத்திலும் உதவும். பிறர் பேசுவதைச் செவிமடுப்பவர் வீட்டில் பூசல் குறையும்.

குறித்த நேரத்திற்கு வந்து, தொடக்கத்திலும் நிறைவிலும் அனைவரும் சேர்ந்தே ‘திருச்சிற்றம்பலம்’ கூறுக. வழக்கமாக வரும் முதியவர் ஒருவர் வரவில்லை எனில், அன்றே அவர் இல்லம் சென்று நலம் விசாரிக்க. தனித்து வாழ்பவருக்கு அதுவே பெருந்துணை.

ஒரு குரலும் குறையலாகாது என்பது நம் மன்னர் கருதியதேயாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல் அளித்தான். ஒருவர் இடம் காலியாயின் அவருடைய உறவினர் பாட வேண்டும், அவர் தகுதியற்றவராயின் தக்கவரை அமர்த்த வேண்டும் என்றும் அக்கோயில் கல்வெட்டு கூறுகின்றது.

ஏன் இத்துணைக் கவனம்? தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து தேவாரப் பாடல்கள் மீட்கப்பட்டபோது, அவற்றின் பண் தெரியவில்லை என்றும், யாழ்ப்பாணர் பிறந்த திருஎருக்கத்தம்புலியூரில் அவர் மரபில் வந்த ஒரு பெண்மணியே பண்முறையைப் பாடிக் காட்டினார் என்றும் திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. சொற்களை ஏடு காத்தது. இசையைக் காத்தது ஓர் எளிய பெண்ணின் குரல்.

ஆதலின், அன்பர்களே, குரல் இனிமை இல்லையே என்று தயங்க வேண்டா. அடுத்த முறை திருக்கோயிலில் பாட்டொலி கேட்கும்போது விலகி நில்லாமல், அருகில் சென்று அமர்ந்து, முதலில் செவி கொடுங்கள். பின்னர் இயன்ற அளவில் உடன் பாடுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இல்லந்தோறும் இன்பம் பெருகுவதாக!