வண்ணத்திற்கு முன் வரலாறு

கண்ணாடிப் பேழை ஒன்றினுள் ஒரு போர் விமானம் நிற்கிறது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தால் அதன் நீளம் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர்தான். சக்கரங்கள், சுழல்விசிறி, விமானியின் இருக்கை, இருக்கை வார் என எல்லாம் சிறிய உருவில் அமைந்துள்ளன. பார்ப்பவர்கள் அதனை அழகிய விளையாட்டுப் பொருள் என்று எண்ணக்கூடும். ஆனால், அதனைச் செய்தவர் முதல் துளி வண்ணத்தைத் தீட்டுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தேடியிருப்பார். ‘இஃது எந்த நாளில் பறந்த விமானம்?’ என்பதே அக்கேள்வி.

பேழையில் உள்ளது பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மாதிரியாகும். ரெஜினால்டு மிட்செல் என்னும் பொறியாளரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இவ்விமானம், 1936-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதன்முதலில் வானில் பறந்தது. மறு ஆண்டே மிட்செல் தமது 42-ஆம் வயதில் நோயினால் காலமானார். தாம் வடிவமைத்த விமானம் படையில் சேர்வதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர், இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பிறகும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் தயாரிக்கப்பட்டன.

அளவும் ஆயத்தமும்

மாதிரி விமானங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் செய்யப்படுகின்றன. 1:72 என்னும் விகிதத்தில் அமைந்த ஸ்பிட்ஃபயர் உள்ளங்கையில் அடங்கிவிடும். 1:24 என்பது பெரிய அளவு. உண்மையான விமானத்தின் இறக்கை நீளம் 11.23 மீட்டர்; அதனை 24-ஆல் வகுத்தால் 46.8 சென்டிமீட்டர் கிடைக்கும். இந்தப் பெரிய அளவில் ஸ்பிட்ஃபயர் மாதிரித் தொகுப்பை ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மாதிரி பெரிதாக ஆக, அதில் காட்டக்கூடிய நுட்பங்கள் பெருகும். அதே வேளையில், செய்பவரின் பிழைகளும் பெரிதாகவே தெரியும்.

பெட்டியைத் திறந்தால், நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள் நெகிழிச் சட்டங்களில் ஒட்டியபடியே இருக்கும். வார்ப்பச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காக இடப்பட்ட எண்ணெய்ப் பசை அவற்றின்மேல் படிந்திருக்கலாம். அதனை நீக்காவிட்டால் வண்ணம் பிடிக்காது. ஆகவே, சட்டங்களை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துவதே முதல் வேலை. அதன்பின், சிறு குறட்டினால் ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி எடுத்து, வெட்டுத் தழும்பை மணல்தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

இதற்குப் பயன்படும் பசை, காகிதம் ஒட்டும் பசையைப் போன்றதன்று. அஃது இரு நெகிழிப் பரப்புகளையும் சற்றே கரைத்து, ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. கரைப்பான் ஆவியானதும் இரண்டு பாகங்களும் ஒரே பாகமாகிவிடுகின்றன. ஒரு துளி கூடினாலும் அது வெளியே வழிந்து பரப்பை அரித்துவிடும். விமானி அறையின் கண்ணாடி மூடியை ஒட்டும்போது மேலும் கவனம் தேவை. விரைவில் ஒட்டும் பசையிலிருந்து எழும் ஆவி, தெளிந்த மூடியின்மேல் வெண்படலமாகப் படியக்கூடும். எனவே, அவ்விடத்தில் வெண்ணிறப் பசையைப் பயன்படுத்துவர்.

மறைந்துபோகும் உழைப்பு

விமானத்தின் வெளித்தோற்றமே கண்ணில் படும் என்றாலும், வேலை உட்புறத்திலிருந்துதான் தொடங்குகிறது. விமானி அறையின் உட்சுவர்களுக்குச் சாம்பல் கலந்த பச்சை நிறம் தீட்டப்படும். கருவிப்பலகையில் உள்ள சிறு வட்டங்களை நுண்ணிய தூரிகையால் வரைந்து, உயரமானி, வேகமானி ஆகியவற்றின் முட்களையும் காட்டுவர். பிறகு உடற்பகுதியின் இரு பாதிகளும் இணைக்கப்படும். பல நாள் உழைப்பில் பெரும்பகுதி அந்த நொடியிலேயே மறைந்துவிடும். ஆயினும், பொறுமையுள்ளவர்கள் அதனைக் குறைத்துச் செய்வதில்லை. மூடியின் வழியே எட்டிப் பார்ப்பவருக்கு உள்ளே வெறுமை தெரியக்கூடாது அல்லவா?

இரு பாதிகள் சேருமிடத்தில் மெல்லிய கோடு தெரியும். உண்மையான விமானத்தில் அவ்விடத்தில் அத்தகைய பிளவு இல்லை. ஆகவே, அதனை நிரப்புப் பசையால் அடைத்து, ஈரமான மணல்தாளால் தேய்த்து மறைக்க வேண்டும். தேய்க்கும்போது தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள் அழிந்துபோனால், அவற்றைக் கூர்முனைக் கருவியால் மீண்டும் கீற வேண்டும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியின் பொருளை இந்தக் கட்டத்தில் நன்கு உணரலாம்.

நாள் மாறினால் நிறம் மாறும்

இப்போதுதான் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை தேவைப்படுகிறது. 1940-ஆம் ஆண்டின் ஸ்பிட்ஃபயருக்கு மேற்புறத்தில் கரும்பச்சையும் மண்பழுப்பும் தீட்டப்பட்டிருந்தன. வானிலிருந்து பார்க்கும் எதிரிக்கு விமானம் தரையோடு தரையாகத் தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். அடிப்புறத்தின் நிறமோ மாதத்திற்கு மாதம் வேறுபட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் இடது இறக்கையின் அடிப்புறம் கறுப்பாகவும் வலது இறக்கையின் அடிப்புறம் வெள்ளையாகவும் இருந்தன. தரையில் காவல் இருந்தவர்கள் தம் நாட்டு விமானத்தை அடையாளம் கண்டு, அதனைச் சுடாமல் இருப்பதற்காகவே அவ்வாறு தீட்டப்பட்டது. ஜூன் மாதத்தில் அது கைவிடப்பட்டு, ‘வான் நிறம்’ எனப்பட்ட வெளிர்பச்சை அடிப்புறம் முழுவதற்கும் வந்தது. உடற்பகுதியில் உள்ள வட்ட அடையாளத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் வரையப்பட்டது மே மாதத்திலிருந்துதான். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மண்பழுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் இடம்பெற்றது.

ஆகவே, 1940 மார்ச் மாத விமானம் என்று சொல்லிவிட்டு மஞ்சள் வளையம் தீட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பிழையாகவே கருதப்படும். சரியான விடையைக் காணப் பழைய நிழற்படங்களை ஆராய வேண்டும். ஆனால், கறுப்பு வெள்ளைப் படங்களை அப்படியே நம்பவும் இயலாது. அக்காலப் படச்சுருள்களில் சில வகைகளில் மஞ்சள் கருமையாகவும் நீலம் வெளிறியும் பதிவாகும். மஞ்சள் வளையம் உள்ள விமானத்தின் படத்தைப் பார்ப்பவர், வளையம் கறுப்பு என்று முடிவு செய்துவிடலாம். எனவே, ஒரு படத்தை மற்றொரு படத்தோடும், படங்களைப் படையின் ஆவணங்களோடும், அருங்காட்சியகங்களில் உள்ள விமானங்களோடும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வர வேண்டும். சான்றுகளை எடைபோடும் இந்தப் பழக்கமே வரலாற்று மாணவர் ஒருவரின் பழக்கமும் ஆகும்.

மெல்லிய பூச்சு

பெரிய மாதிரிக்கு வண்ணம் தீட்டப் பெரும்பாலும் காற்றுத்தூரிகை பயன்படுகிறது. அழுத்தப்பட்ட காற்றின் உதவியால் வண்ணத்தை நுண்துளிகளாகத் தெளிக்கும் கருவி அது. வண்ணத்தைப் பால் பதத்திற்கு நீர்க்கச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மெல்லிய பூச்சுகளைத் தெளிப்பர். ஒரே பூச்சில் தடிப்பாகத் தீட்டக்கூடாததற்குக் கணக்கிலேயே காரணம் உண்டு. மாதிரியின்மேல் வண்ணம் 0.1 மில்லிமீட்டர் தடிப்பாகப் படிந்தால், அஃது உண்மையான விமானத்தில் 2.4 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சமம். எந்த விமானமும் அவ்வளவு வண்ணத்தைச் சுமப்பதில்லை.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. விரைவில் ஆவியாகும் கரைப்பான், தான் படிந்த பரப்பைக் குளிரச் செய்கிறது. மழை நாளில் காற்றில் உள்ள நீராவி அக்குளிர்ந்த பரப்பில் படிய, வண்ணம் வெளிறிப் பால்நிறமாகிவிடும். ஆதலால், இவ்வகை வண்ணங்களைத் தெளிக்க வறண்ட வேளையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கரைப்பான்களின் ஆவி உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள இடமும் பொருத்தமான முகக்கவசமும் இன்றியமையாதவை.

வண்ணம் உலர்ந்த பின் பளபளப்பான மெருகுப்பூச்சு ஒன்று இடப்படும். அதன்மேல்தான் வட்ட அடையாளங்களும் எழுத்துகளும் அடங்கிய நீர் ஒட்டுப்படங்கள் ஒட்டப்படும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால், அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறத் திட்டுகள் தோன்றும். நிறைவாக, பளபளப்பைக் குறைக்கும் மங்கல் பூச்சு இடப்படும்.

விமானம் பறந்ததற்கான தடயங்களும் காட்டப்படுகின்றன. ஸ்பிட்ஃபயர் விமானிகள் இடப்புறமாகவே அறைக்குள் ஏறினர். ஆகவே, இடது இறக்கையின் அடிப்பகுதியில்தான் வண்ணம் அதிகம் தேய்ந்திருக்கும். இறக்கைகளில் இருந்த எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் வாய்களைச் சிவப்புத் துணித் துண்டுகளால் மூடியிருந்தனர். தூசியும் குளிரும் உள்ளே புகாமல் அவை தடுத்தன. சுட்டவுடன் அவை கிழிந்துவிடும். மாதிரியில் அத்துண்டுகள் முழுமையாக இருந்தால், விமானம் இன்னும் போருக்குச் செல்லவில்லை என்பது பொருள். அவை கிழிந்து, இறக்கையின் அடியில் கரி படிந்திருந்தால், அது போரிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. நகத்தின் அளவுகூட இல்லாத சிவப்புத் துண்டு ஒன்று இவ்வளவு செய்தியைச் சொல்லிவிடுகிறது.

நம் வானில் ஸ்பிட்ஃபயர்

ஸ்பிட்ஃபயரின் வரலாறு ஐரோப்பாவோடு முடியவில்லை. பிரிட்டிஷ் வான்படையின் ஸ்பிட்ஃபயர் ஒன்று மேற்கொண்ட கடைசிக் களப்பணி, 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து தொடங்கியது. அது மலாயாவின் அவசரகாலம். ஜொகூர் காட்டுப் பகுதியை வானிலிருந்து படமெடுப்பதே அவ்விமானத்தின் பணி. அதில் துப்பாக்கிகளுக்குப் பதிலாக நிழற்படக் கருவிகள் இருந்தன. இந்த விமானத்தை மாதிரியாகச் செய்ய விரும்புபவருக்குச் சிவப்புத் துணித் துண்டுகள் தேவைப்படா. பெயர் ஒன்றாயினும் பணி வேறு, காலம் வேறு, தோற்றமும் வேறு.

1940-ஆம் ஆண்டில் பிரிட்டனைக் காக்க நடந்த வான்போரில் ஏறத்தாழ 3,000 விமானப் படையினர் பிரிட்டனின் சார்பில் பறந்தனர். அவர்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அப்போரிலேயே உயிரிழந்தனர், பலர் இளைஞர்கள். எதிரணியிலும் எண்ணற்ற குடும்பங்கள் தம் பிள்ளைகளை இழந்தன. குறிப்பிட்ட ஒரு விமானத்தை, குறிப்பிட்ட ஒரு நாளின் தோற்றத்தில் செய்பவர், அதனுள் அமர்ந்திருந்த மனிதரையும் எண்ணாமல் இருக்க முடியாது. பேழைக்குள் நிற்கும் சிறு விமானத்தின் இருக்கை காலியாகவே இருக்கிறது. இருக்கை வார் மட்டும் அவிழ்ந்து கிடக்கிறது.